லெட்சுமியின் கோபத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு

பக்கத்து வீட்டில் இன்று காலை பெலாச்சான், அதுதான் அந்த இறால் விழுது, சுட்டார்கள். என் மகள் லெட்சுமிக்கு அந்த வாசனை ஆகாது, சன்னலைச் சாத்தினாள். நான் போய்த் திறந்தேன். அறுபதைத் தாண்டியவளும் எண்பதைத் தாண்டியவளும் ஒரு சன்னலுக்காக முறைத்துக்கொண்டு நிற்கும்போது, அந்த வீட்டுக் குழந்தை கத்த ஆரம்பித்தது. மூன்று வயதுப் பெண். தரையில் விழுந்து, காலை உதைத்து, மூச்சு நின்றுவிடுமோ என்று பயப்படுகிற அளவுக்குக் கத்தல்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நேற்றும் இதே நேரம்தான். அப்பா மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளும்போதா, அம்மா சீப்போடு வரும்போதா, இன்னும் பிடிபடவில்லை. நாளைக்கு வாசலில் நின்று பார்க்க வேண்டும். "ஒனக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை," என்றாள் லெட்சுமி. இந்த வேண்டாத வேலையை எனக்குப் பழக்கிவிட்டவள், அந்தக் காலத்தில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரியாக இருந்த நீ. அதனால் உனக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பேசவும் தெரியாது. மலாக்கா செட்டி வீட்டுப் பெண் நீ. உங்கள் வீட்டில் சாமிகளின் பெயரும் ஒன்றிரண்டு சாமான்களின் பெயரும்தான் தமிழ், மற்றதெல்லாம் மலாய். "அப்புறம் சாமிகிட்ட எந்தப் பாஷையில பேசுவே?" என்று நான் சீண்டினால், "சாமிக்கு எல்லாப் பாஷையும் தெரியும், ஒனக்குத்தான் தெரியாது," என்பாய். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி உங்கள் காஜா பெராங்குக்கு வந்தவள். நீயோ கெபாயா சட்டையின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு, "நாங்க இங்க வந்து குடியேறினப்போ ஒங்க ஆளுங்க கப்பலே ஏறல," என்று பெருமை பேசுவாய். நம் பேச்சு முழுக்க என் அரைகுறை மலாயில்தான் நடந்தது. இங்கே அதைத் தமிழாக்கி எழுதுகிறேன். தப்பிருந்தால் வந்து திருத்து.

ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. லெட்சுமிக்கு நான்கு வயது நடந்துகொண்டிருந்தது. ஒரு காலை அவள் அப்பா கிழங்கு வாங்க செமாபோக்குக்குக் கிளம்பினார். வாசலில் அவள் கன்னத்தைக் கிள்ளி, "போய்ட்டு வரேன்டா," என்றார். வழியில் லோரியை நிறுத்தி, அகப்பட்ட ஆண்களையெல்லாம் ஏற்றியிருக்கிறார்கள். சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோகிறார்கள் என்ற பேச்சு மூன்றாம் நாள்தான் நம் தெருவுக்கு வந்தது. லெட்சுமி அன்றைக்கும் அழவில்லை, மறுநாளும் அழவில்லை. ஒரு வாரம் கழித்து நான் வேலைக்குக் கிளம்பிய காலையில் ஆரம்பித்தாள்.

புக்கிட் காதில் பக்கம் காட்டை வெட்டி மரவள்ளி நடுகிற வேலை. இன்று நான் குடியிருக்கும் வீடே அந்தக் கொல்லையின் மேல்தான் நிற்கிறதோ என்னவோ. கூலியாகக் கிழங்கு கிடைக்கும், சில நாள் ஒரு பிடி அரிசியும் கிடைக்கும். போகாவிட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் பட்டினிதான். போகிற வழியில் முச்சந்தியில் துப்பாக்கியோடு ஒரு ஜப்பான்காரன் காவல் நிற்பான். அவன் முன் குனிந்து வணங்கிவிட்டுத்தான் தாண்ட வேண்டும்.

நான் கிளம்பினால் லெட்சுமி தலையைத் தரையில் முட்டுவாள், கைக்கு அகப்பட்டதை எறிவாள், தடுத்தால் கடிப்பாள். நான் செய்து பார்க்காதது இல்லை. அடித்தேன். ஜப்பான்காரன் வருகிறான் என்று பயமுறுத்தினேன். கரும்புத் துண்டைக் கையில் திணித்தேன். கடைசியில், அவள் பின்பக்கம் விளையாடிக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் நழுவிப் பார்த்தேன். நல்ல யோசனை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

நழுவிய மூன்றாம் நாள் அவள் தெருவுக்கு ஓடி வந்துவிட்டாள். நான் காவல்காரன் முன் குனிந்து நிற்கிறேன், பின்னால் அவள் கத்தல் நெருங்கி வருகிறது. நிமிர்ந்தால் குற்றம். குனிந்தே நின்றால் பிள்ளை அவன் காலடிக்கு வந்து விழுவாள். நிமிர்ந்தேன். கன்னத்தில் அறை விழுந்தது. அவன் துப்பாக்கிக் கட்டையை அவள் பக்கம் தூக்கியபோது, நீ எங்கிருந்தோ வந்து அவளை வாரியெடுத்து, உதைக்கிற பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டே அவன் முன் குனிந்தாய். அவன் என்ன நினைத்தானோ, போ என்று கையை ஆட்டினான். இன்னொரு தடவை விடமாட்டான் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் என் வீங்கிய கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டாய், "அவ எதுக்காகக் கத்துறா?"

"அப்பா இல்லைன்னுதான். வேறெதுக்கு?"

"அப்பா நாள் பூரா இல்ல. அவ நாள் பூரா கத்தலையே. எப்போ ஆரம்பிக்குது, பாத்தியா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. அடி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், இவள் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்கிறாளே என்று இருந்தது. ஆனால் நீ மறுநாள் காலையில் சம்பால் இடிக்கும் உன் சின்னக் கல்லுரலைத் தூக்கிக்கொண்டு வந்து, என் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாய். கை இடித்துக்கொண்டிருக்கும், கண் எங்கள் மேல் இருக்கும். நழுவுகிற வேலையை நான் விட்டுவிட்டேன். சொல்லிவிட்டுக் கிளம்புவேன், அவள் விழுவாள், நீ பிடித்துக்கொள்வாய். நான் கிணற்றுக்குப் போனால் அவள் அழுவதில்லை. குளிக்கப் போனாலும் அழுவதில்லை. வேலைக்குத் தலைத்துணி கட்டினால் சும்மா பார்ப்பாள். இதையெல்லாம் நீதான் எனக்குச் சொன்னாய். பெற்ற நான் கவனித்ததே இல்லை.

ஐந்தாம் நாள் சொன்னாய். "நீ ஒரு சத்தம் போடுறே. எனக்கு அர்த்தம் தெரியாது. அந்தச் சத்தம் வந்ததும் அவ விழுறா." சொல்லிக் காட்டவும் செய்தாய். உன் வாயிலிருந்து 'போய்ட்டு வரேன்' வந்த அழகைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் சொல்லிவிட்டுக் கிளம்புகிற பேச்சு, தமிழ் தெரிந்த ஒருத்தி அதைக் காதில் வாங்கியிருக்கவே மாட்டாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீ விடவில்லை. "இப்போ சொல்லு. எழுந்திருக்காதே. எங்கேயும் போகாதே," என்றாய். சாயங்காலம் அது, நான் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். லெட்சுமி கிழங்குத் தோலை வைத்துக் கறி சமைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பார்த்து, "போய்ட்டு வரேன்," என்றேன். அவள் கை நின்றது. என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். பிறகு விழுந்தாள். எழுந்திருக்கவே செய்யாத அம்மாவின் காலுக்கு ஒரு முழம் தள்ளி, அப்படி ஒரு கத்தல்.

அதட்ட வாயெடுத்தேன். நீ உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினாய். "காது இப்போ மூடியிருக்கு. அப்புறம் பேசு." அவள் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தாய். தொடவில்லை, பேசவில்லை, வேறு எங்கும் பார்க்கவும் இல்லை. கத்தல் தேய்ந்து விக்கல் ஆனதும் அவள் முதுகில் கையை வைத்து, "மாரா?" என்றாய். கோபமா என்று. அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். நான் அதுவரை அதைத் துக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். நீ குழவியை அவள் கையில் கொடுத்து, காய்ந்த மரவள்ளித் துண்டை உரலில் போட்டாய். அவள் குத்திய குத்தில் துண்டு தெறித்து உன் கொண்டையில் விழுந்தது. மூன்று பேருமே சிரித்தோம்.

பிறகு நீ சொன்னதுதான் எனக்கு ஆகவில்லை. "அந்தச் சத்தத்தை விடு. போறேன்னு மட்டும் சொல்லு." உனக்கு அது சாதாரணமாக இருந்தது. எங்களில் யாரும் வாசலில் நின்று 'போறேன்' என்று சொல்லமாட்டோம். திரும்பாமல் போகிறவர்களுக்குத்தான் அந்தப் பேச்சு. கட்டினவர் சயாமில் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத வீட்டில், அதை நான் தினமும் காலையில் சொல்ல வேண்டுமா?

"அவரு உயிரோட வெளையாடச் சொல்றியா?" என்றேன்.

"அவரு உயிரு ஒன் வாயில இல்ல."

"பிள்ளை பெத்திருந்தா தெரியும் ஒனக்கு."

மென்மையாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு மலாய் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்று மென்மையாகச் சொல்லியிருக்க மாட்டேன். நீ உரலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. ஐம்பது வருஷம் பக்கத்திலேயே இருந்தாய், தினமும் பார்த்தேன், கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், நீ படிக்க முடியாத பாஷையில். என் தைரியம் அவ்வளவுதான்.

மறுநாள் காலை நீ வந்தாய், உரலோடு. ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்து மிளகாயைக் கிள்ள ஆரம்பித்தாய். நான் வாசலில் நின்றேன். "லெட்சுமி, அம்மா கிழங்குக் கொல்லைக்குப் போறேன். இவங்க ஒங்கூட இருப்பாங்க," என்றேன்.

"வருவியா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்ல வாய் துடித்தது. நீ வார்த்தை புரியாவிட்டாலும் கேள்வி புரிந்து, மிளகாயை விட்டு என்னைப் பார்த்தாய்.

"வரத்தான் பாப்பேன். அம்மா கையில மட்டும் இல்ல," என்றேன்.

அழுதாள். படிக்கட்டு வரை வந்து விழுந்து அழுதாள். ஆனால் படியைத் தாண்டவில்லை. முச்சந்தியில் குனிந்து நின்றபோது என் காது இரண்டும் பின்பக்கமே இருந்தன. ஓடிவரும் காலடி கேட்கவில்லை. காவல்காரன் போகச் சொன்னான்.

சாயங்காலம் நீ அறிக்கை கொடுத்தாய். "ஒரு பானைத் தண்ணி கொதிக்கிற நேரம் அழுதா." சில நாளில் அது அரைப் பானை ஆயிற்று, பிறகு ஒரு டீ போடுகிற நேரம். நடுவில் ஒரு வாரம் மறுபடி முழுப் பானைக்கே போனாள். நான் உடைந்துபோனேன், நீ மட்டும், "ஏன் இந்த வாரம்?" என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாய். மழைச் சேற்றில் சிக்கி, அவள் அப்பாவை ஏற்றிப்போன மாதிரியான லோரிகள் நம் தெருவிலேயே நின்ற வாரம் அது என்று கண்டுபிடித்ததும் உனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு வருஷம் போவதற்குள் லெட்சுமி தானாகவே, "மாரா," என்று அறிவித்துவிட்டுக் குழவியைத் தேடிப் போகிறவள் ஆனாள். முச்சந்தியில் மறுபடி அவள் குரல் கேட்கவே இல்லை.

ஜப்பான் சண்டை முடிந்து, சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக ஒருவர் வந்தார். அவள் அப்பாவோடு ஒரே கொட்டகையில் படுத்தவர். அவர் காய்ச்சலில் போய்விட்டார் என்றார். "கடைசி வரைக்கும் அதே பேச்சுதாம்மா. புள்ளகிட்ட வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன், வீட்டுக்கு விடுங்கடான்னு." எந்த மாதம் என்று கேட்டேன். வாசலில் நான் 'போறேன்' என்ற அந்த வார்த்தையைச் சொல்ல ஆரம்பித்ததற்கு முன்பா, பின்பா? அவருக்கு மாதம் நினைவில்லை. அந்தக் கேள்வியை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை.

லெட்சுமிக்கு அப்போது ஆறு வயது. நீ உரலை அவள் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாய். நான் சொன்னேன். அவள் விழவில்லை.

"அங்கயே செத்துட்டாரா?"

"ஆமா."

"வரணும்னு நெனைச்சாரா?"

"கடைசி வரைக்கும்."

"அப்போ அப்பா பொய் சொல்லல," என்றாள். அதற்குப் பிறகுதான் என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். மெதுவான அழுகை. அவளிடமிருந்து அப்படி ஒன்றை நாம் அதுவரை கேட்டதில்லை. பக்கத்தில் இருந்த உரலை அவள் தொடவே இல்லை.

என்ன சொன்னாள் என்று நீ கேட்டாய். மலாயில் சொன்னேன். நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். "எப்போன்னு பாத்தோம். எதுக்குன்னு பாத்தோம். அவகிட்ட ஒரு தடவ கேக்கலையே," என்றாய்.

நீ போய்ப் பதினோரு வருஷமாகிறது. அவளிடம் கேட்காமல் விட்டதைத்தான் நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். நாம் இரண்டு பேரும் கெட்டிக்காரிகள் என்று நினைத்துக்கொண்டு பானையை வைத்து அழுகையை அளந்துகொண்டிருந்தோம். அந்த இரண்டு வருஷமும் அந்தப் பிள்ளை தன் அப்பா பொய் சொல்லிவிட்டார் என்று நம்பிக்கொண்டு, தினமும் வாசலைப் பார்த்து அவருக்காகக் காத்தும் இருந்திருக்கிறாள்.