ஆட்டுத் தராசின் நான்காவது மூலை

என் அன்புக்குரிய மாட்டு டொக்டருக்கு,

ஊர் உங்களை அப்படித்தான் அழைத்தது. நான் ஒருநாளும் அழைத்ததில்லை. இன்று அழைக்கிறேன் என்றால் கோபத்தில் இருக்கிறேன் என்று உங்களுக்கு விளங்கும். விளங்கட்டும்.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நீங்கள் கண்மூடி மௌத்தான பிறகு எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாம். அதனால்தான் பட்டப்பகலில், ஆடு நிறுக்கிற தராசில் ஏறி நின்றேனாம். கல்முனைக் கடைத்தெருவில் இப்படிக் கதைக்கிறார்கள். ஏறி நின்றது உண்மை. ஒரு தடவை என்று சொல்வது பிழை. ஐந்து தடவை ஏறினேன். புத்தி என்னிடம் முழுதாக இருக்கிறது. அதனால்தான் இப்போது தூக்கம் வருவதில்லை.

நீங்கள் போய் ஒன்றரை வருடம். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இத்தா இருந்து முடித்ததும் நம் வீட்டு முன்பக்கத்து டிஸ்பென்சரியை அட்டாளைச்சேனை டொக்டர் நசீரிடம் ஒப்படைத்தேன். மேசை, மருந்து அலுமாரி, தராசு எல்லாம் நீங்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. அவர் எதையும் மாற்றவில்லை. காலையில் முதல் உருப்படி உள்ளே வருவதற்கு முன், நீங்கள் செய்ததுபோலவே அந்த ஐம்பத்தாறு இறாத்தல் இரும்புக் கல்லைத் தூக்கித் தராசு மேடையின் நடுவில் வைப்பார். முள் ஐம்பத்தாறில் நிற்கும். கொப்பியில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாளும் தவறவில்லை.

பிறகு சம்மாந்துறைப் பாத்தும்மாவின் ஆடு வந்தது.

ரோட்டில் டிரக்டர் தட்டி, பின்னங்கால் முறிந்த பெட்டை ஆடு. பாத்தும்மா அதைத் தன் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு வாடகைக் காரில் வந்தாள். கால் கட்டுவதற்கு மயக்க ஊசி போடவேண்டும். மயக்க ஊசிக்கு நிறை தெரியவேண்டும். டொக்டர் நசீருக்கு ஆட்டைப் பிடித்துக்கொடுக்க ஆள் இல்லை. ஆட்டின் கயிற்றைச் சுவரிலிருந்த வளையத்தில் கட்டி, மேடையில் ஏற்றினார். அது சுவரோடு ஒட்டிக்கொண்டு, மூன்று காலில் நடுங்கிக்கொண்டு நின்றது. முள் அறுபது இறாத்தல் காட்டியது. ஊசி போட்டார். காலை மூங்கில் சிம்பு வைத்து அழகாகக் கட்டினார். ஆடு கண் திறக்கவே இல்லை. நடுப்பகல் லுஹர் பாங்குக்கு முன் செத்துப்போனது.

பாத்தும்மா வாசலில் இருந்துகொண்டு அழுதாள். “அறுத்திருந்தாலும் நாலு வீட்டுக்கு இறைச்சி போயிரிக்குமே! இப்ப அறுக்காமச் செத்து ஒண்டுக்கும் ஆகாமப் பெய்த்தே! பழைய டொக்டர் இருந்திருந்தா என்ட ஆடு இப்பிடிக் கிடக்குமா?”

அவள் உங்களைச் சொன்னதும் எனக்குள் ஒரு பெருமை எழுந்தது. அதை மறைக்கமாட்டேன். வெளியே வந்தேன். முன்னாலுள்ள தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னது இதுதான்:

“இந்தத் தராசை எங்கட டொக்டர் இருவது வருசமா ஒவ்வொரு நாளும் சரி பாத்தவர். தராசில பிழை இல்ல. பிழை எங்கயெண்டு இந்த டொக்டர்தான் யோசிக்கணும்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஓம் மாமி” என்றார். கையைக் கழுவினார். பாத்தும்மாவோடு போய் ஆட்டைப் புதைக்க இடம் காட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். “கொஞ்ச நாளைக்கு உம்மாட்டப் போய் நிக்கப்போறன் மாமி” என்றார். நானும் சரி என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும், இல்லையா?

இதற்குள் கதை நற்பிட்டிமுனை, மருதமுனை எல்லாம் போய்விட்டது. நசீர் டொக்டர் கண்மதிப்புக்கு ஊசி போடுகிறாராம். கணக்குத் தெரியாதவராம். யார் சொன்னது என்று கேட்டால், பழைய டொக்டரின் பெண்சாதியே சொன்னாவாம். மூடிய கதவைத் தட்டிவிட்டு, காய்ச்சல் கன்றையும் வயிறு ஊதிய ஆட்டையும் திருப்பி ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

நான் உள்ளே போனது ஜன்னலைப் பூட்டுவதற்காக. இரும்புக் கல்லுக்கு அடியில் ஒரு தாள் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது; இழுத்தெடுத்தேன். அவர் அன்றைக்குக் கணக்குப் போட்ட தாள். மட்டக்களப்புக் கொன்வென்ட்டில் எங்களுக்குக் கணிதம் படிப்பித்த சிஸ்டர் விடையைப் பார்க்கமாட்டா. செய்த வழியைத்தான் பார்ப்பா. நானும் வழியைப் பார்த்தேன். அறுபது இறாத்தலைக் கிலோவாக்க, இப்போது பலர் செய்வதுபோலப் பாதியாக்கித் தப்பிக்கவில்லை. இரண்டு தசம் இரண்டால் வகுத்திருந்தார். கிலோவுக்கு இவ்வளவு மருந்து என்று பெருக்கியிருந்தார். கடைசித் தசமத்தைக் கூட்டாமல் குறைத்திருந்தார். மூன்று தரம் பார்த்தேன். அந்தத் தாளில் நான் சிவப்புக் கோடு போட ஒரு இடமும் இல்லை.

கணக்கு சரி. தராசும் சரி. அப்படியானால் ஆடு ஏன் செத்தது? அடிபட்ட ஆடு, எப்படியும் செத்திருக்கும் என்று விட்டிருக்கலாம். நீங்களாக இருந்தால் விட்டிருப்பீர்களா?

தராசை நானே சோதிக்கக் கல்லைத் தூக்கப் பார்த்தேன். என் வயதுக்கு அது அசையவில்லை. நிறை மாறாமல், நான் நகர்த்தக்கூடிய பொருள் அந்த அறையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் ஏறினேன். என் நிறை என்ன என்று இங்கே எழுதமாட்டேன். ஆடு ஒருநாளும் நடுவில் நிற்கிற மிருகம் இல்லையே என்று அப்போதுதான் நினைத்தேன். இறங்கி ஒரு மூலையில் ஏறினேன். அதே நிறை. அடுத்த மூலையிலும் அதே நிறை.

கதவு திறந்து கிடந்ததைப் பார்க்கவில்லை. தேத்தண்ணிக் கடையிலிருந்து என் மாமா மகன் மீராசாய்பு மச்சான் குரல் கொடுத்தார். அவருடைய வாயை உங்களுக்குத் தெரியும்.

“என்ன மச்சி, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் நாள் கிடக்கே! இப்பவே நிறுத்துப் பாக்கிறீங்க?”

“குறையில்லாத உருப்படியத்தான் குர்பானுக்கு அறுக்க எடுப்பாங்க மச்சான். பல்லில்லாத உங்களையும் எடுக்க மாட்டாங்க, என்னையும் எடுக்க மாட்டாங்க. கதைக்காமத் தேத்தண்ணியக் குடிங்க.”

கடை முழுக்கச் சிரித்தது. நான் மூன்றாவது மூலையில் ஏறினேன். அதே நிறை. நான்காவது, சுவர்ப் பக்கத்து மூலை. வளையம் இருக்கிற மூலை. ஏறினேன். முள் நின்ற இடத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

இருபத்தெட்டு இறாத்தல் கூட.

பாண்டிருப்பிலிருந்து தராசு திருத்துகிற ஆசாரியாரை அழைத்தேன். அவர் முதல் வேலையாக அந்த இரும்புக் கல்லைச் சுவர் மூலையில் வைத்தார். ஐம்பத்தாறு இறாத்தல் கல், எழுபது காட்டியது; எதை வைத்தாலும் அதன் நிறையில் நாலில் ஒரு பங்கு கூட. அறுபது காட்டிய அந்த ஆடு உண்மையில் நாற்பத்தெட்டுத்தான் இருந்திருக்கிறது. அடிபட்டுச் சோர்ந்து கிடந்த நாற்பத்தெட்டு இறாத்தல் ஆட்டுக்கு, அறுபது இறாத்தலுக்கு உரிய மயக்க மருந்து போயிருக்கிறது.

ஆசாரியார் மேடையைக் கழற்றினார். மூலைக்கு ஒன்றாக, மேடையைத் தாங்குகிற நான்கு இரும்பு முனைகள் உள்ளே இருக்கின்றன. மூன்று தம் பள்ளத்தில் ஒழுங்காக நின்றன. நான்காவது நழுவி, வேறோர் இடத்தில் உட்கார்ந்து, அங்கே தனக்கென்று ஒரு புதிய பள்ளமே தேய்த்து வைத்திருந்தது.

“எப்ப நடந்திருக்கும்?” என்று கேட்டேன்.

அவர் விரலால் தடவிப் பார்த்தார். “இது நேற்று முந்தநாள் வேலை இல்லம்மா. இவ்வளவு தேய வருசக்கணக்காகும். ஐயா இருக்கக்குள்ளயே இது இப்பிடித்தான் கிடந்திருக்கு.”

ஐயா என்று அவர் சொன்னது உங்களை.

இப்போது சொல்லுங்கள். நீங்கள் ஆட்டின் கழுத்தை இரண்டு முழங்காலுக்கும் இடையில் பிடித்துக்கொண்டு, அது மேடையின் நடுவுக்கு வரும்வரை நிற்பீர்கள். வெளியே பத்துப் பேர் காத்திருப்பார்கள். “என்னத்துக்கு இந்தப் பாடு? மேடையில ஏறினாப் போதாதா?” என்று நான் கேட்பேன். “இப்பிடிச் செஞ்சாத்தான்கா சரி வரும்” என்று சிரிப்பீர்கள். உங்கள் நிதானம் என்று நினைத்தேன். ஊரிலும் அப்படித்தான் பெருமை பேசினேன்.

உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்திருந்தால், தராசைத் திருத்தாமல் ஏன் ஆட்டை நகர்த்தினீர்கள்? கொப்பியில் ஒவ்வொரு நாளும் ‘சரி’ என்று எழுதினீர்களே, ‘சுவர் மூலையில் நிறுக்கவேண்டாம்’ என்று ஒரு வரி எழுத என்ன தடை? தெரியாதென்றால், இருபது வருடமும் நடுவில் மட்டும் கல்லை வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்று எப்படி எழுதினீர்கள்? இரண்டில் எதை நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. உங்களோடு வாய்விட்டுச் சண்டை பிடிக்கவும் வழியில்லை. ஆட்கள் உங்களை ஒன்றும் கேட்கமுடியாது. அதனால் உயிரோடு இருந்த நசீரைக் கேட்டார்கள். கேட்க வைத்தவள் நான்.

வாடகைக் காரில் சம்மாந்துறைக்குப் போனேன். பாத்தும்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். காலால் கிளறியபடியே கேட்டாள்.

“அப்ப அந்த டொக்டர்ல பிழை இல்லையா மாமி?”

“இல்ல. எங்கட தராசிலதான் பிழை.”

அவள் கிளறுவதை நிறுத்தினாள். “நான் அழுகையில ஏதேதோ சொன்னன். ஆடு செத்த பொம்பிளட கதைய ஆரு எடுப்பாங்க? நீங்க சொன்னதத்தான் மாமி ஊரு எடுத்திச்சி.”

அவள் குரலில் குத்தல் இல்லை. தேத்தண்ணியும் தந்தாள். அதனால்தான் அது என்னைக் கூடுதலாகச் சுட்டது.

ஆள் ஆளாகப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். “டொக்டர்ர பொண்டாட்டிக்கு இரக்கம் கூட, பொடியனைக் காப்பாத்தப் பாக்கிறா” என்கிறார்கள். தராசில் ஏறிய கிழவியின் பேச்சாம். பழியை ஒரு வாக்கியத்தில் நம்பினார்கள். உண்மையை ஒரு மாதமாகியும் நம்பவில்லை. ஆகவே அச்சில் போடுகிறேன். நம் ஊர்ச் சஞ்சிகை ஆசிரியர், உங்கள் பெயருக்கு இழுக்கு வருமே என்று தயங்கினார். வரட்டும் என்றேன். உங்கள் பெயர் இந்த அளவுக்குத் தாங்கும். இருபது வருடம் வாழ்ந்து சேர்த்த பெயர் அது. வந்து ஒரு வருடம் ஆன மனிதருக்குத் தாங்குவதற்கு என்ன இருக்கிறது?

ஆசாரியார் புது முனை கடைந்து போட்டுவிட்டார். ஐந்து இடத்திலும் இப்போது ஒரே நிறைதான். நான் தூக்கக்கூடிய பத்து இறாத்தல் கல் மூன்று, முத்திரை குத்தியதாக வாங்கியிருக்கிறேன். சுவர் வளையத்தையும் பிடுங்கச் சொல்லிவிட்டேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் நடமாடும்வரை, கதவு திறக்குமுன் நடுவிலும் நான்கு மூலையிலும் கல் வைத்துப் பார்ப்பேன். முள் காட்டுவதை ஐந்து இலக்கமாக எழுதுவேன். ‘சரி’ என்ற சொல்லை அந்தக் கொப்பியில் இனி எழுதமாட்டேன். உங்களுக்காக அல்லாஹ்விடம் துஆவும் கேட்பேன். கோபம் அதற்குத் தடையில்லை.

டொக்டர் நசீர், இந்தச் சஞ்சிகை உங்கள் உம்மாவின் வீட்டுக்கு வருவது எனக்குத் தெரியும். உங்கள் கணக்கு சரி. ஆட்டைக் கொன்றது எங்கள் தராசு. பலர் முன்னால் உங்களைக் குற்றம் சொன்னேன். பலர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். சாவி என்னிடம் இருக்கிறது. திரும்பி வருவீர்களா, மாட்டீர்களா? ஆள் விட்டுச் சொல்லவேண்டாம். உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மாட்டு டொக்டரின் பிள்ளைகளின் உம்மா