நீலமாகாத கிணற்றுத் தண்ணீர்

என் தங்க அம்மாவுக்கு,

நீ போனதிலிருந்து அப்பா தினமும் காலையில் நம் கிணற்றில் ஒரு செம்புத் தண்ணீர் இறைத்து உன் படத்துக்கு முன்னால் வைக்கிறார். சாயங்காலம் அவரே எடுத்துக் குடித்துவிடுகிறார். கேட்டால், "அவ குடிச்சிட்டுக் குடுத்தது" என்கிறார்.

அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று போன வாரம் அந்தச் செம்பிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். "எம் பொண்ணு ஆம்பூர்ல தோல் கம்பெனியில தண்ணிக்குக் கலர் போடுறா" என்று ஊரெல்லாம் சொல்வாயே, அதே வேலைதான். ஒரு சிட்டிகைப் பொடி போட்டால் தண்ணீர் திராட்சை ரசம்போல் சிவக்கும். மேலேயிருக்கும் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒரு கட்டத்தில் நீலமாக மாறும். எவ்வளவு மருந்தில் மாறுகிறதோ, அதை வைத்துத் தண்ணீரின் உப்பைச் சொல்வோம்.

நம் தண்ணீர் நீலமாகவே இல்லை அம்மா. குழாய் காலியான பிறகும் சிவப்பாகவே நின்றது.

"பொடி கெட்டுப்போச்சும்மா, தூக்கிப் போடு" என்றார் லேப் இன்சார்ஜ். நிறம் மாறாவிட்டால் எங்களிடம் முதலில் திட்டு வாங்குவது பொடிதான். அதே பொடியைக் கேன் தண்ணீரில் போட்டு மருந்தை விட்டுப் பார்த்தேன். பளிச்சென்று நீலம். அவர் முகம் செத்துப்போனது. நம் தண்ணீரில் ஏதோ ஒரு கெட்ட உலோகம் இருந்து, பொடியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.

"இன்னா ஊர்த் தண்ணி இது?"

சொன்னேன்.

"நம்ம கம்பெனிக் கழிவுத் தண்ணியும் அந்தப் பக்கம்தான போவுது. இத இதோட விட்டுடும்மா, பேஜாராயிடும்."

விடவில்லை. எந்த உலோகம் என்று பார்க்க வெளி லேபுக்கு அனுப்பியிருக்கிறேன். உன் கிட்னி போனபோது எந்த டாக்டராவது "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க" என்று கேட்டாரா? அந்தப் பாழாய்ப்போன கிணறுதான் உன்னைத் தின்றதா? கடைசியாக உன்னைக் குளிப்பாட்டியதும் அந்தத் தண்ணீரில்தானே.

நேற்று அப்பாவுக்குத் தெரியாமல் செம்பில் கேன் தண்ணீரை ஊற்றி வைத்தேன். ஒரு வாய் குடித்ததுமே நிறுத்திவிட்டார்.

"இது அவ தண்ணி இல்ல."

"அது வேணாம்ப்பா. அதுல விஷம் கலந்திருக்கு."

"தெரியும். அவ போனப்பவே புரிஞ்சுது. அதைத்தான உங்கம்மா குடிச்சா? நானும் குடிச்சிட்டுப் போறேன், வுடு."

இத்தனை நாளும் உன்மேல் இருக்கும் ஆசையில் குடிக்கிறார் என்றுதானே நினைத்தேன். உன்னிடம் வந்து சேரத்தான் குடித்திருக்கிறார்.

நாளைக்குக் கயிற்றை அறுத்துவிட்டுக் கிணற்றை மூடப்போகிறேன். உன் படத்துக்கு முன்னால் இனிச் செம்பு இருக்காது. உனக்குத் தாகம் எடுத்தாலும் பொறுத்துக்கொள். அவரை உன்னிடம் இப்போதைக்கு அனுப்பமாட்டேன், இது சத்தியம்.

உன் வயிற்றில் பிறந்த பிடிவாதக்காரி,
மூத்தவள் செல்வி