பா என்று அடித்ததும்

அக்கா,

இன்று காலை பாடிக்குப் போகிற பஸ் எப்போது என்று பார்க்கலாமே என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். கண் டாக்டர் அங்கேதான் இருக்கிறார். தேடுகிற பெட்டியில் 'பா' என்று ஒரே ஒரு எழுத்தைத்தான் வைத்தேன். அடுத்த எழுத்துக்கு மவுசை நகர்த்துவதற்குள் கீழே வரிசையாக வந்து விழுந்துவிட்டது. 'பாப்பா சாப்ட்டியா.' அதற்குக் கீழே, 'பாப்பா ஒடம்பு நல்லா கீதா.' அதற்கும் கீழே, 'பாப்பா அங்க மய பெய்தாம் பத்தரமா இரு.' பாடியைக் காணவே காணோம். பஸ் நேரம் பார்க்காமலே அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் எங்கே ஓடிவிடப் போகிறார், நாளைக்குப் போய்க்கொள்ளலாம்.

நீங்கள் போய் ஒரு வருஷம் திரும்பப் போகிறது. உங்கள் வீட்டுக் கதவில் உங்கள் பங்காளி போட்ட பூட்டு தொங்குகிறது. பின்பக்கத்து முருங்கையை யாரோ பறித்துக்கொண்டு போகிறார்கள், நான் பார்த்தும் கேட்பதில்லை. அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. இந்த மெஷின்தான் பழகமாட்டேன் என்கிறது. மத்தியானம் ஆனால் நீங்கள் மாடியேறி வந்துவிடுவீர்கள் என்றே அது நினைத்துக்கொண்டிருக்கிறது போல.

என் மகன் ஹைதராபாத்துக்கு வேலைக்குப் போனபோது இதை முன்னறையில் வைத்துவிட்டுப் போனான். "கரன்ட் பில்லு, கேஸு, டிரெயின் டிக்கெட்டு, எல்லாம் இதுலயே பாத்துக்கலாம்மா, ரொம்ப ஈஸி" என்றான். பிள்ளைகள் எதை ஈஸி என்கிறார்களோ அதைத்தான் நான் முதலில் துண்டு போட்டு மூடுவேன். மூடி வைத்தேன். வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வேலை முடிந்து வந்தால் சாப்பிடுவதற்கு மட்டுமே வாய் திறப்பார், அவரிடம் கேட்பதற்கும் ஒன்றுமில்லை. அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் நீங்கள் வந்தீர்கள். உங்கள் நிலத்தில்தான் எங்கள் ஃப்ளாட்டே எழும்பியிருக்கிறது. நடுவே ஒரு காம்பவுண்டுச் சுவர்தான். ஆனாலும் அதற்கு முன்னால் நீங்கள் மாடி ஏறியதே இல்லை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, உள்ளே வராமலே கேட்டீர்கள்.

"இன்னா மாடி ஊட்டம்மா, உன் ஊட்ல கம்ப்யூட்டரு கீதாமே? அதுல ஆளத் தேட முடியுமா?"

யாரைத் தேட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அண்ணனூரில் எங்கள் தெருவுக்கே தெரியும். உங்கள் ஒரே மகள் புவனேஸ்வரி, நிச்சயதார்த்தத்துக்குப் பந்தல் போட்ட அன்று, இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு பையோடு ரயிலேறிப் போனவள். இரண்டு நாள் கழித்து அவள் போன் செய்தபோது, வீடு முழுக்க உறவுக்காரர்கள் நிற்க, நீங்கள் சொன்னீர்களாம்: "நான் செத்தாலும் வராதே." அவள் அம்மா சொல்லைக் கேட்கிற பெண். நம்பரை மாற்றிவிட்டாள். கோயம்புத்தூர் பக்கம் ஏதோ மில்லில் இருக்கிறாள் என்று காற்றுவாக்கில் ஒரு சேதி, அவ்வளவுதான்.

துண்டை எடுத்தோம். எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. என் மகனைப் போனில் பிடித்து, அவன் சொல்லச் சொல்ல நான் செய்தேன். "பிரவுசரத் திறம்மா. அந்த வட்டத்து மேல கொண்டுபோய் ரெண்டு தட்டு தட்டு." நான் தட்டினால் வட்டம் நகர்ந்து வேறு இடத்துக்குப் போகும். நீங்கள் மவுசை வாங்கி, திரையில் அம்பு மேலே போக வேண்டும் என்று கையோடு மேலே தூக்கிவிட்டீர்கள். அம்பு இருந்த இடத்திலேயே நின்றது. நாம் சிரித்த சிரிப்பில் என் மகன் போனை வைத்துவிட்டான்.

தமிழ் எழுத்துகளைத் திரையிலேயே பலகையாக விரித்து வைக்க அவன்தான் வழி சொன்னான். உங்களுக்கு அதுதான் தோது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி மவுசால் தட்டுவீர்கள். எழுத்தும் பேசுகிற மாதிரியேதான் இருக்கும். ஒரு வரி முடிப்பதற்குள் அடுப்பில் என் குழம்பு ஒருமுறை அடிப்பிடித்துவிடும்.

முதல் நாள் 'புவனேஸ்வரி' என்று போட்டோம். அம்மன் கோயில், ஜவுளிக்கடை, யார் யாரோ புவனேஸ்வரிகள். படம் படமாக நகர்த்தினேன். நீங்கள் ஒவ்வொரு முகத்தையும் கிட்டே குனிந்து பார்த்தீர்கள். உங்கள் மூச்சுப் பட்டுத் திரை மங்கியது. ஒருத்திகூட அவள் இல்லை. நிமிர்ந்து, என்னைத் தப்பு சொல்கிற குரலில் சொன்னீர்கள்.

"வெறும் பேரச் சொன்னா எவ வருவா? ஊர்ல எத்தினி பேரு கீறாளுங்க. ஆத்தா கூப்புடறான்னு சொன்னாத்தான தெரியும்?"

அன்றைக்குத் தட்டியதுதான் 'பாப்பா சாப்ட்டியா.' வீட்டில் அவள் பெயர் பாப்பாதான். அதற்கு மெஷின் கொடுத்த பதிலை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வந்து அப்புறம் வேறென்னவோ வருகிறது. குழந்தைக்கு முதன்முதலில் என்ன ஊட்டலாம், ஆறு மாதக் குழந்தைக்குக் கஞ்சி, சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தையை என்ன செய்வது. கிண்ணமும் கையுமாக ஒரு குண்டுக் குழந்தையின் படம். நான் தப்பாகிவிட்டது என்று மூடப் போனேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"இருக்கட்டும் உடு. அதுக்கு அவ கொயந்தையாத்தான் தெரியறா. எனக்கும் அப்டித்தான்."

அதற்குப் பிறகு தினமும் வந்தீர்கள். சோறு வடித்துவிட்டு, முந்தானையில் கை துடைத்துக்கொண்டே ஏறி வருவீர்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருமுன் ஒரு கும்பிடு. 'அனுமதிக்கவா' என்று நடுவில் ஏதாவது ஒரு கட்டம் கேட்டால், "வேணாம்னு மரியாதையா சொல்லு, கோச்சிக்கப் போவுது" என்பீர்கள். கால்வாய்க்குத் தெருவைத் தோண்டி இன்டர்நெட் ஒயரை அறுத்துவிட்ட நாட்களில் திரையில் ஒரு சின்ன மிருகம் மட்டும் தனியாக நிற்கும். அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வய்யி தெர்லபோல, நின்னுகினு கீது பாவம்" என்று சொல்லி இறங்கிப் போவீர்கள்.

நான் சும்மா இருக்கவில்லை அக்கா. நீங்கள் இல்லாத நேரத்தில் எனக்குத் தெரிந்த வழியெல்லாம் பார்த்தேன். ஆட்கள் முகம் காட்டுகிற இடங்களில் தேடினேன். மில் பெயர் தெரியாமல் கோயம்புத்தூர் மில்களைத் தேடினேன், நூல் விலை வந்தது. கடைசியில் என் மகனிடம் விஷயத்தைச் சொன்னேன்.  "அம்மா, அது தேடற இடம். அதுல எழுதறது யாருக்கும் போகாதும்மா" என்றான்.

மறுநாள் உங்களிடம் அதை அப்படியே சொல்லிவிட்டேன்.  நீங்கள் பதறவில்லை. பலகையில் 'ப' எங்கே என்று தேடிக்கொண்டே சொன்னீர்கள்.

"போவாட்டி போவுது. அம்மன்கிட்ட இத்தினி வருசமா சொல்லிக்கினு கீறேன், அது மட்டும் போய்ச் சேந்துச்சின்னு எவனாவது சீட்டு குடுத்தானா?"

பலகையில் 'ப' இருக்கிற இடத்தை நான் காட்டிக் கொடுத்தேன்.

ஒருநாள் மட்டும், "நீ போயி டீ போடு, நானே பாத்துக்கறேன்" என்றீர்கள். நான் டீ போட்டு, ஆறிப்போய், மறுபடி சூடு பண்ணும் வரைக்கும் அந்தத் தட்டுகிற சத்தம் முன்னறையில் கேட்டுக்கொண்டிருந்தது. வந்து பார்த்தபோது திரையை மூடச் சொன்னீர்கள். கண் சிவந்திருந்தது. என்ன எழுதினீர்கள் என்று நானும் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, சர்க்கரை தூக்கலாக இருக்கிறது என்று என்னைத் திட்டிவிட்டுப் போனீர்கள்.

அந்தச் சர்க்கரைதான் காலில் புண்ணாகி உங்களைப் படியேற விடாமல் செய்தது. அப்போதும் விட்டீர்களா? காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "மாடி ஊட்டம்மா!" என்று கூப்பிடுவீர்கள். நான் பால்கனிக்கு ஓடி வருவேன். "பாப்பா, எளச்சிப் போயிடாத, நேரத்துக்குத் துன்னுன்னு போடு." நான் உள்ளே போய் அடித்துவிட்டு வருவேன். "போட்டியா? இன்னா சொல்து?" "குழந்தை டாக்டர் அட்ரஸ் காட்டுது அக்கா." நீங்கள் தலையாட்டிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் போவீர்கள். எதிர்வீட்டுக்காரர்கள் நம் இருவருக்கும் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். அதைத் தவிர உங்களுக்காகச் செய்ய எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

பிறகு ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் திரும்பவில்லை.

கருமாதியன்று பந்தி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அவள் வந்தாள். யார் சொன்னார்களோ, எப்படித் தெரிந்ததோ. கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள், படி மிதிக்கவில்லை. உங்கள் பங்காளி பார்த்தும் பார்க்காதவர் மாதிரி சேர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான்தான் போய்க் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்தேன். உங்கள் நெற்றி, உங்கள் மூக்கு. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"எங்கம்மா என்னப் பத்தி எதுனா சொன்னாங்களா அக்கா? நான் வரலாம்னு ஒரு வார்த்த?"

சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள், மழையில் பத்திரமாக இரு என்றீர்கள். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லையே. வா என்று நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை. நான் கேட்காததை எப்படிச் சொல்வேன்? அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, தினமும் நீங்கள் செய்ததைச் சொல்லி, "பாப்பான்னு போடு" என்றேன்.

அவளுக்கும் போன்தான் பழக்கம். மவுசைப் பிடித்து, உங்களைப் போலவே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். பாப்பா. கீழே விழுந்த வரிகளைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். நீங்கள் தட்டியதையெல்லாம் அது சேர்த்து வைத்திருந்தாலும் ஐந்தாறு வரிதான் ஒருநேரத்தில் தெரியும் அக்கா. மற்றதெல்லாம் பார்க்க வேண்டுமானால் அடுத்த எழுத்தையும் வைக்க வேண்டும். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று அவளே ஊகித்துத் தட்டினால்தான் நீங்கள் சொன்னது வரும். அவள் தட்டிப் பார்த்தாள். 'பாப்பா தூ' என்றதும், 'பாப்பா தூங்கினியா.' 'பாப்பா கா' என்றதும், 'பாப்பா காச்ச வந்தா கசாயம் குடி.' சிரித்தாள், அழுதாள். பிறகு 'பாப்பா வா' என்று வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

அழித்துவிட்டு மறுபடி வைத்தாள். வரவில்லை. எனக்கு அந்த மெஷினை உடைக்க வேண்டும் போல இருந்தது. இத்தனை எழுதினீர்களே, அந்த ஒரு வார்த்தையை எழுதக் கூடாதா என்று உங்கள் மேல் கோபம்கூட வந்தது. அவள் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை. முகம் இறுகிப்போய், நீங்கள் அன்றைக்குப் போனில் சொன்ன சொல்லையே தட்ட ஆரம்பித்தாள். 'பாப்பா செத்' வரைக்கும்தான் போனாள்.

'பாப்பா செத்தாலும் வராதன்னு சொன்னது என் வாயி நான் இல்ல உங்கொப்பனாண சொல்றேன் ஊட்டாண்ட வந்துடு.'

நான் டீ போடப் போன அன்றைக்கு நீங்கள் எழுதியது அதுதானா அக்கா? அவள் அந்த வரி மேல் விரலை வைத்தாள். மவுசால் தட்டாதே, தட்டினால் வேறெங்காவது கொண்டுபோய்விடும் என்று சொன்னேன். தட்டவில்லை. விரலை மட்டும் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். பிறகு பெட்டியைச் சுத்தமாக அழித்துவிட்டு, பலகையில் தேடித்தேடி அவளாக ஒரு வரி எழுதினாள். யாருக்கும் போகாது என்று அவளுக்கும் தெரியும். அப்படியும் என்டரை அழுத்தினாள். என்ன வந்தது என்று பார்க்காமல் எழுந்து, கீழே இறங்கி, உங்கள் வீட்டுப் படியேறி உள்ளே போய், வெறும் தரையில் கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு, சாயங்கால ரயிலுக்குப் போனாள். இப்போது எனக்கு எப்போதாவது போன் செய்கிறாள். நான் முதலில் கேட்பது சாப்பிட்டாயா என்றுதான்.

மெஷின் ரொம்ப மெதுவாகிவிட்டது. என் மகன் வந்தால், "பழசெல்லாம் அழிச்சாத்தான் ஓடும்மா" என்கிறான். கை வைக்காதே என்று கத்திவிட்டேன். ஒருநாள் இது தானாகவே நின்றுவிடும், அன்றைக்கு என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் அடித்து அடித்துப் பார்க்கிறேன். 'பா' என்று வைத்தால் நீங்கள் வருகிறீர்கள். அம்பத்தூருக்கு எதற்காவது வழி பார்க்கலாம் என்று 'அம்' வைத்தால், 'அம்மா வந்துட்டேன்' என்று அவள் வருகிறாள். இதை வைத்தால் அது போய்விடுகிறது, அதை வைத்தால் இது போய்விடுகிறது. உங்கள் இருவரையும் ஒரே நேரத்தில் வரவைக்க எந்த எழுத்தை வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை அக்கா.