அக்காவுக்குப் பூக் கேட்டது

23-5-66, திங்கள்

அக்கா மாமாவை விவாகரத்துப் பண்ண வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள், எங்கள் தெருவிலேயே இதுதான் முதல் தடவை. மத்தியானம் மழை. கொடியில் துணி நனைந்தது.

நானும் கூடப் போனேன். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "அடிச்சாரா?"

"இல்லீங்க."

"குடியா?"

"அதெல்லாம் இல்லீங்க. அவங்கம்மா என்ன பேசுனாலும் வாயே தொறக்க மாட்டாருங்க. நாலு வருசமா."

"மாமியா இல்லாத ஊட்டுல மூணு மாசம் இருந்து பாருங்க. அப்பவும் வேண்டாம்னா வாங்க, நானே எழுதித் தாரேன்."

25, புதன்

பனியன் கம்பெனி விட்டு மாமா நேராக வந்தார். தலையெல்லாம் பஞ்சு. தனி வீடு பார்த்துவிட்டாராம், அவர் அம்மாவிடமும் சொல்லிவிட்டாராம். சைக்கிள் மணியைப் பார்த்துச் சொன்னார், அக்காவைப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் பாட்டுப் புத்தகம், என் நடிகர் நம்மாளு நடித்த புதுப்படத்தது. எத்தனை தடவை பார்த்தாய் என்றார். ஏழு என்றேன். நிஜம் ஒன்பது. இந்த மனுஷனையா விடுவது?

போன பிறகு அக்கா: "ஊடு பாத்துட்டா ஆச்சா? வாய் வேணுமில்ல."

சொன்னாளே தவிர, சாப்பிடவில்லை. அம்மா: "முருகங்கிட்டப் பூக் கேட்டுப் பாக்கலாம் கண்ணு."

வெள்ளை வந்தால் மாமா. சிவப்பு வந்தால் வக்கீல். ஒவ்வொரு பூவையும் ஒரு பொட்டலமாகக் கட்டுவது என் வேலை, சந்நிதியில் அக்கா ஒன்றை எடுப்பாள்.

வாங்க: கற்பூரம், நந்தியாவட்டை, செவ்வரளி. அக்காவுக்கு ஊக்கு.

27, வெள்ளி

செய்துவிட்டேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை. செவ்வரளி என் தாவணி முடிச்சில். முருகா, மன்னித்துக்கொள்.

சந்நிதியில் அக்கா ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரிக்காமல் நின்றாள். பிறகு இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் தாவணி முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன கண்ணு வந்துச்சு?" அம்மா.

"வெள்ளைதாம்மா."

வரும் வழியில் அக்கா என் காதைத் திருகினாள். வலிக்கவே இல்லை. "சிவப்பே வந்திருந்தாலும் வெள்ளைன்னுதான்டி சொல்லியிருப்பேன். அவங்கம்மாகிட்டயே வாயத் தொறந்துட்டாரில்ல." கொஞ்ச தூரம் போய்: "மூணு மாசம்தான். பாக்கலாம். அடுத்த தடவை நீ பொட்டலம் கட்டாதே."

28, சனி

வியாழக்கிழமை புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். தெருவில் சொல்ல வேண்டியது: எல்லோரும் வாங்க. என்கூடப் படத்துக்கு வருகிற பெண்கள் அரைமணி முன்னாலேயே வாங்க, பாத்திரம் தூக்க ஆள் வேண்டும். மாமாவிடம் எல்லோரும் பேச்சுக் கொடுங்க. அவர் பதில் சொல்கிறவரை விடாதீங்க.