பவளத்தீவில் பிடுங்கிய செருப்பு

ஜனவரி 6, 2025

இன்றும் நாற்பது பயணிகளைக் கப்பலிலிருந்து பவளத்தீவில் இறக்கினோம். மனிதர் குடியிருக்காத தீவு, பறவைகளின் சரணாலயம். ஆலாப் பறவைகள் வெறும் மணலிலேயே முட்டையிட்டிருக்கின்றன. கயிற்றைத் தாண்டாதீர்கள், செருப்பில்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள் என்று தொண்டை வற்றக் கத்தினேன். வழிகாட்டி என்று பெயர். இதற்கு மாடு மேய்ப்பதே தேவலை.

ஜனவரி 13



சந்தோஷ்குமார் என்று ஒரு பயணி, ராசிபுரத்துக்காரர், படமெடுக்கக் கயிற்றைத் தாண்டிவிட்டார். மற்றவர்கள் புதர்களுக்கு அந்தப் பக்கம். வேண்டாம் வேண்டாம் என்று ஓடினேன். சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார். மூன்று முட்டைகள் நசுங்கின. ஒன்றில் குஞ்சு இருந்தது, தலை மட்டும் துடித்தது. எங்கள் கொல்லிமலையில் ராகி கிடக்கும் களத்தில் செருப்போடு ஏறினால் அடி விழும். அதே ஆத்திரம்தான் வந்தது. நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். விழுந்தவரின் காலிலிருந்து இரண்டு செருப்பையும் பிடுங்கிக் கடலில் எறிந்தேன்.

"இனி வெறுங்கால்லயே நடங்க" என்றேன்.

கப்பலுக்குத் திரும்பும் படகுக்கு முழங்கால் தண்ணீரில் நடக்க வேண்டும். அவர் இறங்கியபோது நான் தடுக்கவில்லை. கல்மீன் — கல்லோடு கல்லாகக் கிடக்கும், முதுகெல்லாம் விஷமுள் — அதை மிதித்துவிட்டார். அப்படியொரு அலறலை நான் கேட்டதில்லை. வலி தாங்காமல் தன் கையையே கடித்துக் கிழித்துக்கொண்டார். படகெல்லாம் ரத்தம். தெரிந்துதானே விட்டேன்? இல்லை, மறந்துபோனேனா?

ஜனவரி 19

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம்.

மேலாளர் சுரேந்தர் அறிக்கையை நீட்டினார். பயணி தானே செருப்பைக் கழற்றியதாக எழுதியிருந்தது. "கையெழுத்துப் போடும்மா கலைமணி. பாத்தவங்க யாருமில்ல. கொஞ்ச நாள் ஊர்ல இரு, வேலை எங்கயும் போகாது."

போட்டேன்.

ஜனவரி 22

கொல்லிமலை, பெரக்கரை நாடு. வீட்டுக்கு வந்துவிட்டேன். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே வரும்வரை பஸ்ஸில் வாந்தி. கப்பலில் வராத வாந்தி இங்கே ஏன் வருகிறது என்று அம்மா கேட்டாள்.

ஜனவரி 25

போலீஸ் வரவில்லை. சந்தோஷ்குமார் ஏன் இன்னும் வாயைத் திறக்கவில்லை?

ஜனவரி 29

களத்தில் ராகி அடித்தோம். வியாபாரி ஒருவர் தெரியாமல் செருப்போடு ஏறிவிட்டார். அண்ணன் ராசு அவர் சட்டையைப் பிடித்துத் தள்ளினான். நான் தடியால் ராசுவின் முகத்திலேயே அடித்தேன். உதடு கிழிந்து ஒரு பல் போயிற்று. அம்மா என்னை இழுத்துப் பிடித்தாள்.

"ஏஞ்சாமி, உனக்கு என்னதான் ஆச்சு?"

எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிட்டேன். ராசு ரத்தத்தைத் துப்பினான். "இத எங்ககிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது?" என்றான்.

பிப்ரவரி 1

சொன்னால் வேலை போகும். ஜெயிலும் கிடைக்கலாம். பயமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 2

ராசிபுரம் போனேன். சந்தோஷ்குமார் கட்டிலில் படுத்திருந்தார். அவர் மனைவி மேனகா தண்ணீர் கொடுத்தார். அதைக் குடிக்காமலே சொன்னேன்.

"நாந்தானுங்க அவரத் தள்ளிவிட்டுச் செருப்பப் பிடுங்குனேன்."

மேனகா கணவரைப் பார்த்தார். "நீங்களே கழட்டுனதாத்தான சொன்னீங்க?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரு பொண்ணு தள்ளி உழுந்தேன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

மேனகா என்னை அறைந்தார். இரண்டு அறை. ஒரு காது அடைத்துப்போனது. பிறகு அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டேஷனிலும் இதையே சொல்வாயா என்று கேட்டார். சொல்வேன் என்றேன். தெருவில் போன ஆட்டோவை நிறுத்தி, முதலில் என்னை ஏறச் சொன்னார்.