விளக்கை அணைத்தது நான்தான்

செப்டம்பர் 9
சப்ஸ்டேஷனில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களில் ஒன்று குண்டுவீச்சில் போய்விட்டது. மிச்சமிருப்பது ராப்பகலாக முனகுகிறது. ஊரும் ஆஸ்பத்திரியும் இதன் தலையில்தான். அக்காவின் குறைமாதப் பிள்ளை அங்கே சூட்டுப் பெட்டிக்குள். கரண்ட் போனால் அதுவும் போகும். ஃபோர்மேனிடம் வேறு டிரான்ஸ்ஃபார்மர் கேட்டேன். "கடையில விக்கிற சாமானாடா அது?"

செப்டம்பர் 12
போர் முடிந்தது. ரேடியோ சொன்ன உடனே அம்மா ஜன்னல்களை மூடியிருந்த கறுப்புத் துணியைக் கிழித்தெறிந்தாள். எத்தனை வருஷமாயிற்று அவள் சிரித்து!
நாளை மாலை ஊரே எல்லா விளக்கையும் ஒன்றாகப் போட்டுக் கொண்டாடப் போகிறதாம். தாங்காது என்றேன். "இத்தனை வருஷம் இருட்டுல கெடந்தவங்ககிட்ட லைட்டைப் போடாதேன்னு நீயே போய்ச் சொல்லு. ஆஸ்பத்திரியில உனக்கு ஒரு கட்டில் சொல்லி வைக்கிறேன்" என்று ஃபோர்மேன் சிரித்தார்.

செப்டம்பர் 13
போட்டார்கள். வாத்தியம், கூச்சல், கண்டவரையெல்லாம் கட்டிப்பிடிப்பு. ஃபோர்மேனும் தெருவில் ஆடப் போய்விட்டார். மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. எண்ணெய் தீயும் வாடை. ஆஸ்பத்திரி லைனை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் அணைத்தேன்.
வாத்தியம் நின்றது. பிறகு ஒரே அலறல் — "விமானம்!" இந்த ஊரில் விளக்கு அணைந்தால் வேறென்ன அர்த்தம்? எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். படியில் விழுந்தவர்களை மிதித்துக்கொண்டு...
வாத்தியக்காரர்களின் மைக்கில் சொல்லிவிட்டு அணைத்திருக்கலாமே. ஏன்டா தோணல உனக்கு?

செப்டம்பர் 14
பிள்ளை உயிரோடு இருக்கிறது. எதிர்வீட்டுத் தையற்காரர் என் முகத்தில் துப்பினார். அவர் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.
அம்மா இன்னும் பதுங்குகுழியில்.
"போர் முடிஞ்சுதும்மா. லைட்டை அணைச்சது நான்தான்."
"அப்படிச் சொல்லச் சொன்னாங்களா உன்னை?"
"யாரும்மா சொல்லச் சொல்றது?"
"மெதுவாப் பேசுடா."

செப்டம்பர் 15
வரவில்லை.

செப்டம்பர் 27
பிள்ளையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அக்கா படியிறங்கிப் போய் அம்மா மடியில் போட்டாள். அம்மா சிரித்தாள் — அதே சிரிப்பு. வீட்டுக்குப் போகலாம் என்றதும் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "பச்சப் புள்ளைய வெளிய கொண்டு போறதா? பைத்தியமா உங்களுக்கு?"
அக்கா பிடுங்கத்தான் வேண்டியிருந்தது.

அக்டோபர் 6
பதுங்குகுழிக்குள் ஒயர் இழுத்து ஒரு பல்பு போட்டேன். அம்மா அண்ணாந்து பார்த்தாள். வீட்டிலிருந்து அந்தக் கறுப்புத் துணியைக் கொண்டுவரச் சொன்னாள்.
பல்பைச் சுற்றிக் கட்ட அவளுக்குக் கை எட்டவில்லை. நான்தான் கட்டிக் கொடுத்தேன்.