அறுபத்து நான்காவது பிள்ளை

மேல்கணக்குத் தோட்டம், ஹாலிஎல
12.1.1980

அன்பு ஜெஸீமா,

நான் நலம். நீயும் வாப்பாவும் நலமா? மூன்று கடிதத்துக்கு ஒரு பதில் போடும் உன் பழக்கம், பதுளையில் டீச்சர் வேலை கிடைத்த பிறகும் மாறவில்லை. பரவாயில்லை, இன்றைக்கு எதையும் மன்னிப்பேன். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுக்கப்போகிறது. பிள்ளைகளுக்கு இலவசப் புத்தகம், எனக்கு அரசாங்கச் சம்பளம். ஏழு வருஷமாக அறுபத்து மூன்று பிள்ளைகளோடு ஒரே அறையில் மல்லுக்கட்டுகிறேனே, இனி விடிவுதான்.

உன் நேசராணி

24.1.1980

ஜெஸீமா,

எல்லாம் பாழ். நேற்றுக் கல்விக் கந்தோர் அதிகாரி ஐயா ஒருவர் பிள்ளைகளை எண்ண வந்தார். ஜீப்பையும் பெயர்ப் பட்டியலையும் கண்டதும், லயத்து வீடுகளில் இருக்கிற சனம் பிள்ளைகளைத் தேயிலைக்குள் ஒளித்துவிட்டது. "பேரு எழுதுனா இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திருவாங்க டீச்சர்" என்கிறார் அந்தோனிப்பிள்ளை கங்காணி. போன வருஷம் பிரஜாவுரிமை இல்லாத எட்டுக் குடும்பம் அப்படித்தானே போனது. ஐயா கண்டது ஒன்பது பேரை. நாற்பதுக்குக் குறைந்தால் மூடிவிடுவார்களாம். ஐந்து மைல் நடந்து எந்தப் பிள்ளை டவுனுக்குப் படிக்கப் போகும்? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

நேசா

பதுளை
28.1.1980

அன்பு நேசா,

கந்தோரில் போய்க் கேட்டேன். பத்து நாளுக்குள் பிள்ளைகளை இங்கே கூட்டி வந்தால் மறுபடி எண்ணுவார்களாம். பட்டியலில் உன் பெயரை முதலில் எழுது. சனத்துக்கு முன்னால் வாசித்து, கப்பல் வந்தால் நான்தான் முதலில் ஏறுவேன் என்று சொல்லு. காலை ரயிலில் வாருங்கள். வாப்பா கடையிலிருந்து எல்லாருக்கும் தின்னப் பணிஸ் கொடுப்பார்.

ஜெஸீமா

பதுளை
20.2.1980

நேசா,

உன் பெயரை முதலில் கேட்டுச் சனம் நம்பி அனுப்ப, அறுபத்து மூன்று பிள்ளைகளோடு நீ வந்திறங்கிய ரயில் படையைப் பற்றித்தான் கந்தோரில் இன்னும் பேச்சு. பள்ளிக்கூடத்தை மூட மாட்டார்கள். ஐயா பட்டியலைப் பார்த்து அறுபத்து நான்கு என்று எழுதிவிட்டார், முதலில் இருந்த உன்னையும் பிள்ளையாக்கி. சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

இனி எழுதத்தான் கை வரவில்லை. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு ஆசிரியர் நியமனம் கிடையாதாம். உன் இடத்துக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள். நான் கேட்டு வாங்கவில்லை, நேசா. நீ ஒரு வார்த்தை சொன்னால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

ஜெஸீமா

மேல்கணக்கு
2.3.1980

என் ஜெஸீமா,

இரண்டு நாள் அழுதேன். உன் மேலும் கோபம்தான், பொய் சொல்ல மாட்டேன். நேற்றுப் புத்தகப் பெட்டி வந்தது. பிள்ளைகள் புதுத் தாளை முகர்ந்துகொண்டே வீட்டுக்கு ஓடினார்கள். கங்காணி கூடத் தன் பேத்தியின் புத்தகத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். கொடுத்து முடித்த பிறகு ஒரு புத்தகம் மிஞ்சியது. அது என் பெயருக்கு வந்தது.

வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதே. நீ வராவிட்டால் இந்த மலைக்கு வேறு யார் வரப்போகிறார்கள்? நான் கொழுந்தெடுக்கப் பெயர் கொடுத்துவிட்டேன். பகல் சாப்பாட்டு நேரத்தில் கூடையை வாசலில் வைத்துவிட்டு வருவேன். நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது, நீ உட்கார். பிள்ளைகள் உட்காரும் பின் வாங்கில் எனக்கு இடம் வை.

உன் வகுப்புப் பிள்ளை,
நேசராணி